பட்டாம்பூச்சி அமர்ந்த பொட்டலம்

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணிக்குப் பினாங்கு குயின் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் குதிரை வண்டி ஒன்று வந்து நின்றது. எனக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர்மலைக்குப் போகிறோம் என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். எதற்குப் போகிறோம் என்பதை வீட்டில் நடந்த பேச்சுகளிலிருந்து, பாதி சரியாகவும் பாதி தவறாகவும், நானே திரட்டி வைத்திருந்தேன். சித்திக்குக் கல்யாணம் நடக்குமா, நடக்காதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

சித்தி என் தாயின் தங்கை; எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். கடலுக்கு அக்கரையில், பிறை ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், தம் தாயாருடன் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பெண் பிடித்திருந்தது. ஆனால் தாயார் ஜாதகம் கேட்டார். சித்திக்கு ஜாதகம் கிடையாது. அவள் பினாங்கிலேயே பிறந்தவள். பிரசவம் பார்த்த மலாய் மருத்துவச்சி, பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு குழந்தை பிறந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். நாளொன்றுக்கு ஐந்து முறை பாங்கு சொல்லும் ஊரில் இந்தத் தகவலை வைத்துக்கொண்டு எந்தச் சோதிடரும் கட்டம் போட முன்வரவில்லை.

அதனால் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி முன் வைத்து, விவரம் அறியாத குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுத்ததைத்தான் பிரிப்பார்கள், மற்றதைப் பிரிக்காமலே ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சாமியைச் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று அம்மா எனக்கு விளக்கினாள். பொட்டலங்களைப் பெண் கையாலேயே கட்டட்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பியிருந்தார். அது அவர் எங்களுக்குச் செய்த கௌரவம். விவரம் அறியாத குழந்தையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எனக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்தது.

வண்டிக்குள் யாராலும் நிலையாக உட்கார முடியவில்லை. அம்மா தேங்காய்ப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். அவளுக்கு மூத்தவரான மாமா, குதிரை நொண்டுகிறதா என்று பார்க்க இரண்டு முறை தலையை வெளியே நீட்டி, இரண்டு முறையும் வண்டிக்காரனிடம் வசவு வாங்கினார். நான் கால்களை ஆட்டினேன். சித்தி மட்டும் அசையவில்லை. அவள் மடியில் பித்தளைத் தட்டும், அதில் வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்பு இட்லிப்பூவும் வைத்துக் கட்டியதாக நாங்கள் நம்பிய இரண்டு வாழையிலைப் பொட்டலங்களும் இருந்தன. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது ஒரு பொட்டலம் தட்டிலிருந்து உருண்டது. அதைப் பிடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டவள், இறங்கும்வரை கையைத் திறக்கவே இல்லை.

அருவியிலிருந்து இறங்கிவரும் ஓடை வளைகிற இடத்தில், ஒரு மரத்தடியில் சிறிய பிள்ளையார் இருந்தார். மாப்பிள்ளையின் தாயார் இன்னும் வரவில்லை. நான் ஓடைக்கரைக்கு ஓடினேன். அங்கேதான் அவற்றைப் பார்த்தேன்.

ஈர மணலில் ஒரு கூட்டமாகப் பட்டாம்பூச்சிகள் அமர்ந்திருந்தன. கறுத்த இறகு, அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரே ஒரு நீலப்பட்டை. நீலம் என்று சொன்னால் போதாது. பட்டையின் மேல்நுனி பச்சையாகத் தொடங்கி, கீழே வர வர நீலமாயிற்று. வெயில் பின்னாலிருந்து பட்டபோது அந்தப் பகுதி மட்டும் கண்ணாடித் துண்டைப் போல ஒளியை உள்ளே விட்டது. நகரத்தில் நான் பார்த்திருந்த பட்டாம்பூச்சிகள் பூவில் அமர்ந்தால் அமைதியாக இருக்கும். இவை குடிக்கும்போதும் இறகு நடுங்கிக்கொண்டே இருந்தது. வந்த இடத்தில் தங்குவதா, கிளம்புவதா என்று ஒரு கணம்கூட இவற்றால் முடிவு செய்ய முடியவில்லை போலும். அத்தனையும் ஆண் பூச்சிகள் என்றும், மணலில் அவை தேடியது உப்பை என்றும் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தேன். மாமா அன்றே இதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

“பக்கத்து மலாய்க் கம்போங் எருமை காலையில மூத்திரம் பேஞ்சிட்டுப் போன இடம் லா அது. கிட்ட போகாத பாப்பா.”

“அண்ணே, சாமி கும்பிட வந்த இடத்துல இது என்ன பேச்சு?” என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் தாயார் கறுப்புக் குடையும் வெள்ளைப் புடவையுமாக வந்து இறங்கினார். மகன் வரவில்லை.

“ஆபீசுல லீவு குடுக்கல தங்கச்சி. அவன் வந்துதான் என்ன பண்ணப் போறான்? மாமியாரா இருக்கப்போறது நானா அவனா?”

மாமா சிரித்தார். சித்தி தன் கையைத் திறந்து, பொத்தியிருந்த பொட்டலத்தைப் பிள்ளையாரின் காலடியில் மற்றதன் பக்கத்தில் வைத்தாள். அந்த இலை மட்டும் நனைந்து, கையின் மடிப்புகள் பதிந்து கிடந்தது. கற்பூரம் எரிந்து அணைந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னார்கள். மூடினேன், ஆனால் முழுவதும் அல்ல.

அதனால்தான் அது வந்ததை நான் முதலில் பார்த்தேன். ஓடைப் பக்கமிருந்து, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றி, நனைந்திருந்த பொட்டலத்தின்மேல் ஒரு நீலப்பட்டைப் பூச்சி அமர்ந்தது. இறகு நடுங்கியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

“எடு பாப்பா, எடு” என்றாள் அம்மா.

அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கையை மெல்ல நீட்டி, மற்ற பொட்டலத்தை எடுத்தேன். பூச்சி பறக்கவில்லை. நான் சரியாகச் செய்துவிட்டேன் என்பதற்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“அடடா, அதை விட்டுட்டு இதை எடுத்துட்டியே!” என்று தாயார் கத்தினார். “சாமி தானா வந்து உட்கார்ந்து காட்டுது!”

“முறைன்னா முறைதாங்க்கா. பிள்ளை எடுத்ததுதான் கணக்கு” என்றார் மாமா.

“கண்ணு தெரியலையா தம்பி? பூச்சி ரூபத்துல வந்திருக்கு!”

“அந்த ரூபம் எங்கேருந்து வருதுன்னு பாத்தீங்களா? எருமை மூத்திரத்துலேருந்து. சாமிக்கு வேற எடமே கிடைக்கலையா?”

“அண்ணே!”

“வேர்வைக்குத்தான் வந்திருக்கும்மா. வழியெல்லாம் அந்தப் பொட்டலத்தை இவ கையிலேயே பொத்தி வெச்சிருந்தா. உப்பு எங்கே இருக்கோ அங்கே உட்காரும்.”

“எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கீங்க தம்பி. அது காட்டுனதுலதான் பதில் இருக்கு.”

இப்படியே சிறிது நேரம் போயிற்று. பிள்ளையாருக்கு முன்னால் இவ்வளவு உரக்க யாரும் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் தாயாரே ஒரு வழி சொன்னார்.

“ரெண்டையும் பிரிச்சிடுவோம். எதுல எது இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசுவோம்.”

மாமாவும் சரி என்றார். அதுவரை வாய் திறக்காத சித்தி அப்போதுதான் பேசினாள்.

“அக்கா, வேணாம். பாப்பா எடுத்ததே போதும்.”

“நீ சும்மா இரு. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல” என்றாள் அம்மா.

என் பொட்டலத்தை மாமா பிரித்தார். வெள்ளை. தாயாரின் முகம் மலர்ந்தது. அவருக்கும் இந்தச் சம்பந்தத்தில் விருப்பம்தான். அந்த மகிழ்ச்சியிலேயே, வாதம் முடிந்துவிட்ட பிறகும், அவர் குனிந்து பூச்சியை விரலால் விலக்கிவிட்டு மற்ற பொட்டலத்தையும் பிரித்தார்.

அதுவும் வெள்ளை.

நான்தான் முதலில் பேசினேன். “ரெண்டு தடவையும் சரின்னு சொல்லிடுச்சு!” என்று கையைத் தட்டினேன். என்னோடு சேர்ந்து யாரும் தட்டவில்லை.

“யாரு கட்டுனது?” என்று தாயார் கேட்டார். யார் கட்டவேண்டும் என்று சொன்னவரே அவர்தான்.

சித்தி தலையைக் குனிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனியவில்லை. “நான்தான். சிகப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு” என்றாள்.

“கேட்டுக்கிட்டியா தங்கச்சி? சாமிக்கே வழி காட்டுறவ, நாளைக்கு என்னை எந்த வழியில நிறுத்துவாளோ?” தாயார் மரத்து நிழலிலேயே குடையை விரித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். அம்மா பின்னாலேயே ஓடினாள். “சின்னப் பொண்ணுக்கா, தெரியாம…” என்றது காதில் விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அம்மா சித்தியைத் திட்டினாள். “வயசுக்கு வந்த பொண்ணு செய்யிற காரியமா இது? வெட்கமா இல்ல?” மாமா முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார், சூலியா தெருவுக்குள் திரும்பியபோது அவரும் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைப் பூ வந்தால் கல்யாணம். இரண்டு வந்தால் ஏன் கல்யாணம் இல்லை என்று கேட்டேன். வாயை மூடு என்பதே பதிலாகக் கிடைத்தது. பெண் சம்மதிக்கலாம், விரும்பக்கூடாது என்ற வேறுபாட்டை எட்டு வயதில் யாரும் கணக்குப்போல எழுதிக் காட்டுவதில்லை.

மறுநாள் காலை ஏழு மணி அளவில், கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். முதல் படகிலேயே அக்கரையிலிருந்து வந்திருக்கவேண்டும். மாப்பிள்ளைதான். தாயார் அவரை விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

“பாப்பா, நேத்து நீதானே பூ எடுத்தது?”

தலையை ஆட்டினேன்.

“ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சாமே?”

சித்திக்காகப் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் நான்கு பேர் பார்த்த விஷயத்தில் பொய் நிற்காது. “ஆமா, ரெண்டுலயும்” என்றேன்.

“கட்டுனது?”

“சித்திதான்.”

அவர் சைக்கிளின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இன்னொரு வாட்டி சொல்லு” என்றார்.

அவருக்குக் காது மந்தம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாயிலிருந்த உமிக்கரியைத் துப்பிவிட்டு, எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்: “ரெண்டுலயும் வெள்ளை! சித்தி கட்டுனது!”

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். சரி, சரி என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமலே அதை உருட்டிக்கொண்டு, படகுத்துறைக்கு நேர் எதிர்த் திசையில் போனார்.

நான் உள்ளே போய் அடுப்படியில் இருந்த அம்மாவின் காதோடு, “அந்த மாப்பிள்ளைக்குக் காது கேக்காதும்மா, நல்லவேளை தப்பிச்சோம்” என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். பின்கட்டில் சித்தி குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். வாளி நிரம்பி, தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் வீணாகிறதே என்று நானே போய்க் குழாயை மூடினேன்.