வெளிச்சத்தை முதுகில் வைத்த நாள்

1. முதல் கல்யாணம்

பாரிஸில், எங்கள் சனம் கூடும் லா சப்பலில், ஒரு வீடியோக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2010இல். முதல் நாளே லா கூர்னெவ் மண்டபமொன்றில் கல்யாணம். முதலாளி ராசன் அண்ணை லைட் ஸ்டாண்டை என் கையில் தந்துவிட்டு மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம்பிடிக்கப் போய்விட்டார். நான் லைட்டைக் கொண்டுபோய் மணப்பொம்பிளைக்குப் பின்னால் நிறுத்தினேன். மணவறை தகதகவென்று மின்னியது. அட, வேலை இவ்வளவுதானா என்று எனக்குள் ஒரு பெருமை.

மண்டபத்துப் பெரிய திரையில் படம் ஓடத் தொடங்கியதும் பொம்பிளையின் தகப்பன் எழும்பி வந்தார்.

“தம்பி ராசன், என்ர பிள்ளையின்ர முகம் எங்கை?”

திரையில் கூறைச் சேலை தெரிந்தது, நகை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் இருட்டு. ராசன் அண்ணை ஓடிவந்து லைட்டைத் திருப்பினார்.

“பிள்ளை, லைட் எப்பவும் முகத்துக்கு முன்னாலை. பின்னாலை வைச்சால் ஆள் வெறும் நிழல்தான். இதை மறந்தீரெண்டால் திரும்பவும் ரெஸ்டோரண்டிலை கோப்பை கழுவத்தான் போகவேணும்!”

மறக்கவில்லை. ஆனால் ஒரேயொரு நாள் வேண்டுமென்றே மீறினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த நாளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. “எல்லாற்ற முகமும் வரவேணும்”

சில வருடங்களில் கமெரா என் கைக்கு வந்துவிட்டது. லா சப்பல் முழுவதும் என்னைக் ‘கமெரா அக்கா’ என்றது. அப்போது அமெரிக்காவில் தேர்தல் காலம். வாக்கு அங்கே என்றாலும் வாதம் இங்கே. மரக்கறிக் கடையில் முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே, யார் வந்தால் எங்களுக்கு நல்லது என்று சண்டை பிடித்தார்கள்.

அந்தச் சூட்டில்தான் எங்கள் பகுதிப் பெடியன் யோகன் ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்தான். கூட்டம் வைப்பதில் எமகாதகன். அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினப் பேராசிரியை பாரிஸுக்கு வந்திருந்தார். தன் நாட்டு அரசியலையும் மனித உரிமையையும் சமூக நீதியையும் பற்றி உலகமெங்கும் பேசுகிறவர். அவரே எங்கள் மண்டபத்துக்கு வருகிறாராம்! இரண்டு நாட்களாக எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

யோகன் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னான்: “அக்கா, கல்யாண வீடியோ மாதிரி எல்லாற்ற முகமும் வரவேணும். நேரடியா இன்டர்நெட்டிலை போகுது. கேள்வி கேக்கிற ஆக்களை வடிவாப் பிடியுங்கோ. முகம் இருந்தால்தான் வெள்ளைக்காரன் நம்புவான்.”

நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஜீவா வந்தாள். இங்கே பாரிஸில் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்பவள். ஊரில் போர் முடிந்ததிலிருந்து அவளுடைய புருஷனைக் காணவில்லை. கல்யாண வீடுகளில் கமெராவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். எங்கள் சனத்தில் இப்படிச் சிலர் எப்போதும் உண்டு. கல்யாண வீடியோ ஊருக்குப் போகும், ஊரில் யார் கண்ணிலும் படும் என்ற பயம். அவர்கள் வந்தால் கையைப் படம் எடுப்போம், தாம்பாளத்தை எடுப்போம், முகத்தை விட்டுவிடுவோம். சொல்லாமலே நடக்கும் ஒழுங்கு அது.

“அக்கா, நான் அந்த அம்மாவிட்டை ஒரு கேள்வி கேக்கவேணும். என்ர முகம் மட்டும் வரக்கூடாது. முந்தி ஒருக்கால் ஒரு பேப்பரிலை என்ர படம் வந்ததுக்கே ஊரிலை ஆமிக்காரங்கள் தம்பியைத் தேடி வீட்டை வந்தவங்கள்.”

“குரல் பறவாயில்லையோ?”

“குரல் கனபேருக்கு ஒரே மாதிரித்தானே. முகம் எனக்கு மட்டும்தான் அக்கா.”

“நீ கேள். நான் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டேன். எப்படியென்று அப்போது எனக்கே தெரியாது.

3. நிழல்

பேராசிரியை பேசப் பேச, புதுச்சேரிக்காரரான முசியே அந்துவான் தமிழில் சொன்னார். அமெரிக்கா எங்களுக்கு என்ன செய்யப்போகிறது என்று கேட்க வந்த கூட்டம் அது. பேராசிரியையோ தன் நாட்டையே கூண்டில் ஏற்றினார். தன் தெருவில் பொலிஸ் பிடித்துவைக்கும் பையன்களைப் பற்றிச் சொன்னார். யார் ஜனாதிபதியானாலும் நியாயம் தானாக வராது என்றார்.

நடுவரிசையிலிருந்து ஒருவர் எழும்பிவிட்டார். “அப்ப அமெரிக்கா எங்களுக்கு ஒண்டும் செய்யாதோ?”

முசியே அந்துவான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பேராசிரியை சிரித்தார். பதிலை அந்துவான் உரக்கச் சொன்னார்: “மதாம் சொல்றாங்க, நான் அமெரிக்காவுக்காகப் பேச வரல. அமெரிக்காவோட சண்டை போடறவ நான். அப்படிச் சண்டை போட்டுத்தான் எங்களுக்கு ஏதாவது கெடைச்சிருக்கு.”

மண்டபம் இரண்டுபட்டது. சிலர் கைதட்டினார்கள், சிலர் முணுமுணுத்தார்கள்.

அந்த இரைச்சலுக்குள் ஜீவா வரிசைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்த மைக்கை நோக்கி நடந்தாள். என் கமெராவைப் பேராசிரியையின் பக்கம் திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால், முன்வரிசைச் சனம் திரும்பி ஆளாளுக்குப் போனைத் தூக்குகிறது! யோகனும் மேடையடியிலிருந்து போனால் அவளையே குறிவைத்து நிற்கிறான். என் கமெரா ஒன்று, அவர்களின் கமெரா ஐம்பது.

அப்போதுதான் அந்த முதல் கல்யாணப் பொம்பிளையின் தகப்பன் ஞாபகத்துக்கு வந்தார். என்ர பிள்ளையின்ர முகம் எங்கை!

கமெராவை விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு லைட்டையும் உருட்டிக்கொண்டுபோய் ஜீவாவின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, முழு வெளிச்சத்தையும் மேடைப் பக்கம் திருப்பினேன். வாசலில் நின்றவரைக் கத்திக் கூப்பிட்டு மண்டபத்து விளக்குகளை அணைக்கச் சொன்னேன். போன் வைத்திருந்த சனமெல்லாம் கண்ணைப் பொத்தியது.

“அக்கா, லைட் பிழையாக் கிடக்கு!” என்று யோகன் குளறினான்.

“ஓம் தம்பி, பிழையாத்தான் வைச்சனான்! பேசாமல் நில்லும்!”

ஜீவா மைக்கைப் பிடித்தாள்.

“உங்கட நாடு மனித உரிமை எண்டு கதைக்குது. என்ர மனிசனைக் காணேல்லை எண்டு சொன்னால், எல்லாரும் முதல்லை என்ர முகத்தைக் காட்டச் சொல்லுகினம். காட்டினால் தம்பிக்கு ஆபத்து. உங்கட ஆக்களும் இப்பிடி முகத்தை மறைச்சு இருந்தவையோ?”

முசியே அந்துவான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியை நெற்றியில் கையை வைத்து அந்த வெளிச்சத்துக்குள் பார்த்தார். பிறகு பதில் சொன்னார். முசியே அந்துவான் அதைத் தமிழாக்கினார்.

“மதாம் சொல்றாங்க, எங்கம்மா உரிமைக் கூட்டத்துக்குப் போற காலத்துல வாசல்லயே போலீஸ்காரங்க படம் புடிப்பாங்க. மறுவாரம் வேலை போயிடும். முகம் காட்டுனாத்தான் கிடைக்கும்னா அது இன்னும் உரிமை ஆகல. உங்க முகம் எனக்குத் தெரியல தங்கச்சி. நீங்க கேட்டது தெரியுது. நான் போற எடமெல்லாம் அதைக் கேப்பேன்.”

முணுமுணுத்தவர்களும் எழும்பி நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கமெராவை யார் பார்த்தது!

4. பிறகு

யோகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவன் போனில் பதிவான அந்தத் துண்டுதான் கைக்குக் கை பரவியது. வெளிச்சத்தின் நடுவில் ஒரு நிழல், அதற்கு ஒரு குரல்.

அடுத்த கிழமை ஜீவா கடைக்கு ஓடிவந்தாள். வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

“அக்கா, தம்பி போனிலை கதைச்சவன்! ஊரெல்லாம் அதைத்தான் பாக்குதாம். ஆரிந்தப் பொம்பிளை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையாம்.”

“அவனுக்கும் தெரியேல்லையோ?”

“‘உன்னை மாதிரி ஆரோ ஒராள் துணிஞ்சு கேட்டிருக்கிறா அக்கா’ எண்டு சொல்லிப்போட்டு, ‘நீ கவனமா இரு’ எண்டு போனை வைச்சவன்.”

இன்று என்னிடம் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு லைட் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், ஆளிடம் போய் ஒன்றைக் கேட்டுவரச் சொல்கிறேன்: “உங்கட முகம் வரலாமோ?” பதிலைக் கேட்ட பிறகுதான் லைட்டை எங்கே வைப்பதென்று நான் சொல்வேன்.