கிளட்சை முறுக்கிய கை

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் எனக்கு வேலை. கழக்கூட்டம் வரை சுற்றி ஆர்டர் பிடித்து வர ஒரு பழைய பைக் வைத்திருந்தேன்.

ஒருநாள் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் ஊரையே கூட்டுகிறது. வண்டியோ நகர மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கிளட்ச் பிளேட் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாற்றியவர் களியக்காவிளைப் பக்கமிருந்து வந்து, ஆரியசாலையில் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்த மெக்கானிக். நம்ம பாஷை பேசுகிற ஆளாயிற்றே என்று நம்பிக் கொடுத்திருந்தேன்.

நேரே அங்கே போனேன். ஒரு பெரியவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், "வண்டி இழுக்கவே மாட்டேங்குது! டூப்ளிகேட் பிளேட்டப் போட்டு ஏமாத்திட்டியேப்பா! நல்லா இருப்பியா?" என்று கத்தினேன். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

மெக்கானிக் அவர் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கிளட்ச் லிவரை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"அண்ணாச்சி, இந்தக் கேபிள ஆரு முறுக்குனது?"

நான்தான். போன வாரம் ஆயுத பூஜை. தராசு முதல் சைக்கிள் வரை துடைத்து, எண்ணெய் விட்டு, தொளதொளவென்று இருப்பதையெல்லாம் முறுக்கிப் பொட்டு வைப்பது எங்கள் கடை வழக்கம். லிவர் லேசாக ஆடியதும் ஸ்பானரோடு அதையும் ஒரு கை பார்த்துவிட்டேன்.

"அதுக்குக் கொஞ்சம் பிளே, லேசா ஒரு ஆட்டம் வேணுமாக்கும். இல்லேன்னா நீங்க கைய எடுத்தாலும் கிளட்ச் பாதி அமுக்குனது மாதிரியே நிக்கும். பின்னே எப்பிடி இழுக்கும்?" என்றபடி நட்டைத் தளர்த்தினார். "பிளேட்டு தப்பிச்சுது. ஆனா, இந்த வாரம் வந்தது மொத்தமே மூணு பேராக்கும். அதுல ஒருத்தரு அவரு."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரைத் துரத்தினேன். தைக்காடு ஏற்றத்தில் ஸ்கூட்டரில் திணறிக்கொண்டிருந்த அவரைத் தாண்டிப்போய் மறித்து, "சார், தப்பு என்னோடது. அந்த மெக்கானிக் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அவர் என் பைக்கை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வண்டியல்லே இழுக்கலைன்னு பறஞ்சது? இப்போ என்னையே ஓவர்டேக் செய்து வந்தல்லோ!" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஸ்கூட்டரைத் திருப்பவில்லை.

திரும்பிப் போய் மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். பைக்கை விற்கும்வரை அவரிடம்தான் சர்வீஸுக்கு விட்டேன். ஆனால் அந்தப் பெரியவர் பிறகு வந்தாரா என்று கேட்கும் துணிச்சல் கடைசிவரை எனக்கு வரவில்லை. இன்றும் வீட்டில் எது பழுதானாலும், யாரையாவது குறை சொல்ல வாயெடுக்கும்போது, கடைசியாக அதைத் தொட்டது என் கையாக இருக்குமோ என்ற பயம் முதலில் வந்துவிடுகிறது.