கடல் பார்த்த வீட்டின் பதினோரு சன்னல்கள்

எங்கள் திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கப் போகிறவரை ‘டேப்பு அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருடமாக ஊரார் வீட்டுச் சன்னல்களை அளந்தவர். அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஒரே சன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர் மூக்கில் இடிக்கும்.

பலசரக்குக் கடையில் எழுதிப் போட்ட சீட்டுக்குக் கனவு இல்லப் பரிசு விழுந்தது. கடற்கரையோரம் மாடி வீடு. படம் பிடிக்க அவரை அழைத்துப் போனபோது, கடையில் கம்பி மாட்டுகிற நானும் தொற்றிக்கொண்டேன். ஆளுயர அட்டைச் சாவியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். படம் எடுத்ததும் மனுஷன் சாவியை என்னிடம் தள்ளிவிட்டு டேப்பை உருவினார். பதினோரு சன்னலையும் அளந்த பிறகுதான் வண்டி ஏறினார்.

அங்கேதான் கோட்டை விட்டார். அந்த வாரமே எங்கள் கடையில் உயர்ந்த துணியாக எடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வெட்டியும் விட்டார். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவரே அவர்தான். அண்ணி ஓரங்களை எல்லாம் கையாலேயே தைத்தார். வீட்டைக் குடிபோகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பிறகு கடிதம் வந்தது. வீட்டு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வரியாகக் கட்டினால்தான் பத்திரம். கடல் தெரிகிற இடமாம், மதிப்பு வானத்தில் இருந்தது. சம்பளத்தில் பிடிப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தார், பாவம். வங்கிக்குப் போனோம்.

“வீடு உங்க பேர்ல இருந்தா கடன் தரலாம்.”

“வரி கட்டினாத்தானே சார் என் பேருக்கு வரும்?”

“அதுக்கு நாங்க என்ன பண்றது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாதவனைப் பிடித்து வீடு கொடுத்தோம் என்று ஊர் முழுக்கப் படம் ஒட்டிவிட்டு, வாசலில் நிறுத்தி வசூல் கேட்கிறார்கள். தினமும் நலம் விசாரித்த சொந்தக்காரர்கள் கப்சிப். கெடு முடிந்தது, வீடு அடுத்த சீட்டுக்காரருக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டம்மா எங்கள் கடைக்கே வந்து திரைச்சீலை கேட்டார். விலாசத்தைக் கேட்டதும் டேப்பு அண்ணன் அளவெடுக்கக்கூடப் போகவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து மூட்டையைத் தூக்கி வந்தார். இருவரும் போய் மாட்டினோம். ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை.

“யாரு இவ்வளவு அழகா கையால தைச்சது?” என்றார் அந்த அம்மா.

“தெரிஞ்சவங்கதாம்மா.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “அண்ணி எப்படிண்ணே துணியக் குடுத்தாங்க?”

“எல்லாம் பித்தலாட்டம், யார் வீட்டையோ காட்டி ஏமாத்திட்டானுங்கன்னு சொல்லியிருக்கேன். நாலு நாள் என்னத் திட்டித் தீத்தா, அடங்கிட்டா. நீ எதையும் உளறி வைக்காத. வீடு நெஜம், நம்மாலதான் முடியலைன்னு தெரிஞ்சா அவ எப்படித் தூங்குவா?”