சண்டைக் காலத்தில் என் கல்யாணம்

நான்காம் வகுப்பு வரை படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத வந்ததற்குப் பெரியவர்கள் பொறுக்க வேண்டும்.

கடல் கடந்த சீமையில், செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதத்தில்தான் சண்டை வந்தது. பெல்ஜியம் என்ற சின்ன நாட்டுக்குள் பக்கத்து ஜெர்மன்காரன் படையோடு புகுந்துவிட்டானாம். அவனைத் துரத்த இங்கிலாந்து, பிரான்சு, ருஷ்யா, ஜப்பான் எல்லாம் ஒன்று கூடிவிட்டனவாம். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், கணக்கு எழுதும் கிராணி இதைச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் துரை இங்கிலீஷ்காரர். அடுத்த தோட்டத்துத் துரை ஜெர்மன்காரர். அந்தத் தோட்டத்தில்தான் என் ஒரே அக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தாலியில் நான் ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டியவள் அவள். வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்காவிட்டால் வரமாட்டாள்.

"அண்ணே, அங்க போலாமா?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"ஜப்பான், ருஷ்யா எல்லாம் நம்ம பக்கம். உங்கக்கா மட்டும் ஜெர்மன் பக்கம். போனா வேவு பாக்க வந்தேன்னு புடிச்சு வச்சுக்குவாங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் நம்பிவிட்டேன். போகவில்லை.

கல்யாணத்தன்று காலையில், "நாத்தனார் எங்கே?" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்பார்கள். காப்புக் கட்டிய கையாலேயே வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஓடும் எல்லைக் கான் வாய்க்காலைத் தாண்டி ஓடினேன். தடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

அக்காள் மரம் சீவிக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளையே வந்து கூப்பிடற கல்யாணம் இதான்டா. இத்தனை நாளா எங்க போன?"

"சண்டைன்னாங்கக்கா."

"ஜெர்மன்காரர்னு எங்க துரைய சர்க்காருல புடிச்சுட்டுப் போயிட்டாங்க. நாங்க யாரு பக்கம்னு யாரும் சொல்லல. சண்டைக்குப் பயந்து வரலியா, எங்க மேல கோவமா?"

பயந்துதான் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே நின்றபோது எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவளும் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உடன் வந்தாள். பால் வாடையோடு இரண்டு முடிச்சும் போட்டாள். இலையில் உட்காராமலே திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தத் தோட்டத்துக்கு ஒரு இங்கிலீஷ்காரத் துரை வந்தார். எங்களுக்கு வழக்கம்போல் பிரட்டு நடந்தது.