சந்தனத்தின் மேல் போட்ட பழி

பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மௌஸ் பிடிப்பவர்களை அப்போது நான் மனிதர்களாகவே மதித்ததில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவேன். சர்வருக்குள் புதிதாக ஒரு கன்டெய்னர் எழுந்து நிற்கும். லாட்ஜ் அறைகள் மாதிரிதான். ஓர் அறையில் நடக்கும் கூத்து அடுத்த அறைக்குத் தெரியாது. சோதனைக்காக நான் திறப்பவை எல்லாம் தற்காலிக ரகம். நிறுத்தினால் சுவடில்லாமல் அழிந்துவிடும்.

வரைபடம் போடும் அக்கா, படங்களைச் சேமிக்க ஓர் இடம் கேட்டார். பாளையங்கோட்டைக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய சோதனைக் கட்டளையை வரவழைத்து, பெயரை மட்டும் மாற்றி என்டர் தட்டினேன். ‘தற்காலிகம்’ என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததைத் துரையாகிய நான் கவனிக்கவில்லை. “முடிஞ்சுட்டுக்கா” என்று காலாட்டிக்கொண்டே சொன்னேன்.

மூன்று மாதம் சர்வர் ஓயாமல் ஓடியது. ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் பட்டறையில் எதுவும் ஓடக்கூடாது. லேத்திலிருந்து தண்ணீர் மோட்டார் வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும்.

“ஏலே, அந்தப் பெட்டியையும் பைய அமத்து. அதுவும் வருசம் பூரா மாடா உழைக்குதுல்லா” என்றார் முதலாளி அண்ணாச்சி.

நானே சர்வரை முறைப்படி அணைத்தேன். அவர் தாராளமாகச் சந்தனம் அப்பினார்.

விஜயதசமியன்று காலையில் சர்வரை எழுப்பினால், அக்காவின் கன்டெய்னரைக் காணோம். மூன்று மாதப் படங்கள். அடுத்த வாரம் வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டியவை. நகல் எடுத்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் ஒரு நகலும் எடுத்து வைக்கவில்லை.

“சந்தனத்து ஈரம் உள்ள எறங்கிட்டு போலுக்கு” என்றேன்.

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. அறுபதைத் தாண்டியவர், அக்காவின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். “எம்மா, எம் பக்தி ஒன் உழைப்பத் தின்னுட்டு. மன்னிச்சிரு.” நான் பக்கத்தில் நின்று பொரிகடலை மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு தாங்கவில்லை; நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும் தம்பி. ஈரம் எறங்குனா எல்லாம்லா போயிருக்கணும்? எனக்குள்ளது மட்டும் எப்படிப் போவும்?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? கும்பிட்டது அவுகல்லா. அங்கன போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் போய்ச் சொன்னேன். வேலை போகும், கன்னத்தில் இரண்டு அறையும் விழும் என்று தயாராகத்தான் இருந்தேன்.

அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: “அப்போ நா சாமிக்குச் செஞ்சதுல கொற ஒண்ணுமில்லையாலே?”

“இல்ல அண்ணாச்சி.”

அவர் கண் கலங்கச் சிரித்தார். அடித்திருந்தால் தேவலை.