ஏழு புள்ளிகள்

பேமானி என்ற சொல்லை நான் இங்கே எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்த வாரப் பத்திரிகையில் நான் வேலை பார்த்தேன். அப்போது இதை எழுதியிருந்தால் ஆசிரியர் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு விதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனி வீடுகளில் பிள்ளைகளை உட்காரவைத்து எங்கள் பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள், தமிழ் பழகட்டும் என்று. அப்படி ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கக் கூடாத சொல் எது வந்தாலும் மூன்று புள்ளி வைத்துவிட வேண்டும். சனியனுக்குப் புள்ளி. நாய்க்கு, அது நிஜ நாயாக இல்லாத பட்சத்தில், புள்ளி. ஒருமுறை 'தண்டம்' என்பதற்கும் வைத்தோம். இதையெல்லாம் தெருவில் கேட்காமல் எந்தப் பிள்ளை வளர்கிறது என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீடும் அப்படித்தான். சனியன் என்று சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள்.

அந்தக் கோடையில் தண்ணீருக்குப் பெரிய கஷ்டம். எங்கள் தெருவுக்கு நான்கு நாள் கழித்து லாரி வந்தது, அதுவும் பாதி காலியாக. டிரைவர் கல்யாண மண்டபத்தில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். குடத்தோடு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆயாம்மா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"நாலு நாளா தொண்ட காஞ்சிகினு நிக்கிறோம். மண்டபத்துல ஊத்திட்டு இங்க வந்து ஆரன் அடிக்கிறியா, பேமானி?"

வரிசையே சிரித்தது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. நேர்மை இல்லாதவன் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை, அவனும் அப்படித்தான் இருந்தான். ஆபீசுக்குப் போன சூட்டோடு செய்தியாக எழுதினேன். 'பள்ளியில் ஆயாவாகப் பணிபுரியும் பெண் ஒருவர்' என்று மரியாதைக்காகச் சேர்த்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில், பழக்கதோஷம், நானே மூன்று புள்ளி வைத்தேன்.

அப்போதெல்லாம் ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கித்தான் எங்கள் பத்திரிகை அச்சாகும். அந்தப் புள்ளிகள் ஒரு வரியின் கடைசியில் விழுந்தன. அடுத்த சொல் அந்த வரியில் அடங்கவில்லை. வரி பாதியில் நிற்பது கம்பாசிட்டர் அண்ணாவுக்குப் பிடிக்காது. இன்னும் நான்கு புள்ளியைப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டார். மொத்தம் ஏழு. புரூஃப் பார்த்தவள் நான். ஏழையும் பார்த்தேன். வரி நேராக இருக்கிறது என்று டிக் அடித்தேன்.

எங்கள் வாசகர்கள் எண்ணிவிட்டார்கள். மூன்று புள்ளிக்குப் பழகியவர்கள் அல்லவா? மூன்றுக்கே சனியன் என்றால் ஏழுக்கு என்ன? ஸ்டேஷன் டீக்கடையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம். அதில் சிலவற்றை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை. காலனியில் ஒரு பிள்ளை சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, "இங்க என்னப்பா?" என்று நிறுத்த, அப்பா பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டாராம்.

வியாழக்கிழமை ஆயாம்மா மாடியேறி வந்தார். கையில் நான்காக மடித்த எங்கள் பத்திரிகை. செய்தியில் வருவது இவர்தான் என்று பள்ளியில் கண்டுபிடித்து, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் இன்னா சொன்னேன்னு உனக்குத் தெரியும் இல்ல? நீயும் அங்கதானே குடத்த வெச்சிகினு நின்ன? பெரிய டீச்சராண்ட சொன்னா நம்ப மாட்றாங்க. அந்த வார்த்தைதான்னா பேப்பர்காரங்க எதுக்கு இத்தினி புள்ளி வெக்கிறாங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

ஆசிரியர் அவருக்கு நாற்காலி போட்டார், திருத்தம் வெளியிடுவதாகச் சொன்னார். 'சென்ற இதழில் புள்ளியிட்ட சொல் தகாத சொல் அல்ல' என்று எழுதினார். தகாத சொல் இல்லையென்றால் புள்ளி எதற்கு? அடித்தார். 'அவ்வளவாகத் தகாத சொல் அல்ல' என்று எழுதினார். அதையும் அடித்தார். "அந்தச் சொல்லையே போட்டுடலாம் சார்" என்றேன். நான்தான் லாரிக்காரனைத் திட்டியவள் என்பது போல என்னைப் பார்த்தார். யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குப் புரியவில்லை.

கடைசியில், நானே பள்ளிக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.

அது நான் படித்த பள்ளி. பெரிய டீச்சர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். அவர் அறைக்குள் நுழைந்ததும் கை தானாகக் கட்டிக்கொண்டது. ஆயாம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்.

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. அதைத்தான் சொன்னேன்னு சாதிக்கிறா. நீ நேர்ல கேட்டவ. நீயும் அதே வார்த்தைய சொல்லு, நாளைக்கே டியூட்டிக்கு வரட்டும்."

இதைவிட நியாயமாக யார் கேட்க முடியும்?

"கெட்ட வார்த்தை இல்ல மிஸ்."

"சரி, என்ன வார்த்தை?"

"கொஞ்சம் லோக்கலா பேசுவாங்களே, அந்த மாதிரி."

"லோக்கல்னா?"

மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் அவஸ்தையைப் பார்த்து அவரே ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி, "சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டு" என்றார். பாவம், எனக்காகத்தான் அப்படிச் செய்தார். நான் 'கெட்ட வார்த்தை இல்லை' என்று எழுதினேன். ஏன் அதை எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மிஸ் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"எழுதக்கூட உனக்குக் கூசுது. அப்படிப்பட்ட வார்த்தைய நடுத்தெருவுல சொன்னவள, சின்னப் பசங்களோட எப்படிம்மா விடறது?"

அப்படி இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. "சரி மிஸ்" என்றேன்.

ஆயாம்மா பிள்ளைகள் கை கழுவும் குழாயடியில் நின்றிருந்தார்.

"சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"வுடு பாப்பா. நீ நல்ல வூட்டுப் பொண்ணு. உன் வாய்ல அதெல்லாம் எப்டி வரும்?"

கிண்டலா, ஆறுதலா, நிஜமாகவே நம்பித்தான் சொன்னாரா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

ஜி.எஸ்.டி. ரோடு வரை சேர்ந்து நடந்தோம். பஸ்ஸுக்காக நிற்கும்போது அவர் கேட்டார்: "பெருங்களத்தூர்ல ஒரு இஸ்கூல்ல ஆயா வேணும்னு கேட்டுகினு கீறாங்களாம். நாளைக்குப் போய்ப் பாக்கறேன். அங்கல்லாம் உங்க பேப்பர் வராது இல்ல?"

குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை, பெருங்களத்தூர் உட்பட, ஒரு பள்ளி விடாமல் ஓசியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். விலாசம் எழுதி ஒட்டுவதே நான்தான். அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.