ஸ்டெல்லா தராத சாவி

விம்கோ நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நான்தான் செயலாளர். நீச்சல் குளத்தைப் பராமரிக்க ஏதாவது பெரிய நிறுவனத்தை அழைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். நான் பக்கத்துத் தெருவில் குழாய் வேலை பார்க்கும் ஸ்டெல்லாவை அழைத்தேன்.

கோடை விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை குளத்தைத் திறப்பதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். காலையில் பிள்ளைகள் துண்டோடு வந்து வரிசையில் நின்றால், ஸ்டெல்லா கேட்டைப் பூட்டிவிட்டு சாவியோடு நிற்கிறார்.

"தண்ணி கலங்கலா கீது சார். அடித்தரை தெரியாம யாரையும் எறக்க மாட்டேன்."

"நேத்துதானம்மா குளோரின் போட்ட? கொஞ்சம் கலங்கினா என்ன?" எல்லோர் முன்னாலும் கத்தினேன். "சாவியக் குடு. இல்லேன்னா நாளைலேர்ந்து வராத."

அவர் கேட்டை விட்டு நகரவில்லை. சாவியையும் தரவில்லை.

"வேலை போனா போவட்டும் சார். உள்ள இன்னா கீதுன்னு தெரியாம புள்ளைங்கள எப்டி வுடுவேன்?"

வேறு வழியில்லாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன்.

ஃபில்டர் ஓடி ஓடி மறுநாள் மாலைதான் தண்ணீர் தெளிந்தது. குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் குழியின் மூடி கழன்று கிடந்தது. மோட்டார் ஓடும்போது ஒரு பிள்ளையின் காலை அந்தக் குழி இழுத்துப் பிடித்திருந்தால்? முந்தின நாள் வரிசையில் முதலில் நின்றது என் மகள்.

அந்த வாரக் குடியிருப்போர் கூட்டத்துக்கு ஸ்டெல்லாவையும் அழைத்து, எதையும் மறைக்காமல் சொல்லி, எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, வுடு சார்" என்று சிரித்துவிட்டார்.

குழாய் வேலைக்கு நல்ல ஆள் உண்டா என்று இப்போது யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்கிறேன்: "எங்க ஏரியாவுல ஸ்டெல்லான்னு ஒருத்தங்க இருக்காங்க. நீங்க சொல்றதையெல்லாம் கேக்க மாட்டாங்க."